சராசரிக்குள் மறைந்திருப்பவள்

விடைத்தாள்கள் கைக்கு வந்ததும் வகுப்பில் எழும் கேள்வி, "வகுப்புச் சராசரி எவ்வளவு?" என்பதே. அது உயர்ந்திருந்தால் மகிழ்கிறோம். தாழ்ந்திருந்தால் முகம் வாடுகிறோம். அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி இருப்பது சரியன்று என்பது என் கருத்து.

ஒரு பிரிவில் ஐந்து மாணவியர் கணக்கில் பெற்ற மதிப்பெண்கள் 48, 49, 50, 51, 52 என்று கொள்வோம். சராசரி 50. மற்றொரு பிரிவில் ஐவர் பெற்றவை 10, 20, 50, 80, 90. இங்கும் சராசரி 50தான்! வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவும் இரண்டிலும் 50. அதனால் இரு பிரிவும் ஒன்றாகிவிடுமா? 10 மதிப்பெண் பெற்றவளுக்குப் பின்னத்திலிருந்து தொடங்க வேண்டும். 90 பெற்றவளோ அதற்குள் கொட்டாவி விடுவாள்.

இவ்வேறுபாட்டைக் காட்டுவது திட்ட விலக்கம். ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து விலகியுள்ள அளவை வர்க்கப்படுத்தி, அவ்வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் காண வேண்டும். முதல் பிரிவுக்கு ஏறத்தாழ 1.4, இரண்டாவதற்கு 31.6. (இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறுநாளே மறந்துவிடுகிறோம் என்பது வேறு கதை.)

நாட்டுக் கணக்கிலும் இதே நிலைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80. கேட்க இனிமையாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ஆண்கள் ஏறத்தாழ 87, பெண்கள் 73-க்குச் சற்று மேல். நம் பாட்டிமார் பலர் அந்த 80-க்குள் மறைந்துபோனார்கள்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய மங்கையாகவே அறிவோம். கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்த வீரர்களே மிகுதி என்பதை மாதவாரியாகப் பிரித்து, 1858-இல் வண்ண வரைபடமாக வெளியிட்டவரும் அவரே. மொத்த மரண எண்ணிக்கையை மட்டும் அவர் சொல்லியிருந்தால் சுகாதாரக் கேட்டின் மேல் யார் கண்ணும் பட்டிராது.

நற்செய்தியில் வரும் மேய்ப்பர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று மனநிறைவு கொள்ளவில்லையே!

ஆகவே நம் மதிப்பெண் அட்டையிலும் ஆண்டறிக்கையிலும் வகுப்புச் சராசரியோடு திட்ட விலக்கத்தையும், தேர்ச்சிக்குக் கீழே நிற்பவர்களின் எண்ணிக்கையையும் குறிப்பிட வேண்டும். குறையை ஊரறியச் சொல்வதா என்று பெற்றோர் சிலர் தயங்கலாம். பெயர் வேண்டாம், எண் போதும். மாலை வகுப்பு எத்தனை பேருக்குத் தேவை என்பது அன்றே தெரிந்துவிடும்.