பரணில் பழைய கம்ப்யூட்டர் இருக்கா? முதல்ல அந்த பேட்டரியைக் கழற்றுங்க!

அப்பா ஆசையாக வாங்கிய 386 அல்லது 486 கம்ப்யூட்டர் இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறதா? “துணி போட்டு மூடி பத்திரமாத்தானே வெச்சிருக்கோம்” என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதை உள்ளிருந்தே அரிக்கும் ஒன்றையும் சேர்த்தே மூடி வைத்திருக்கலாம்.

அது என்ன பேட்டரி?

கரன்ட் இல்லாதபோதும் தேதி, நேரம், செட்டிங்ஸ் அழியாமல் இருக்க, அந்தக் கால மதர்போர்டுகள் பலவற்றில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சால்டர் செய்திருப்பார்கள். பெரும்பாலும் சின்ன நீல உருளையாக இருக்கும். கொமடோர் நிறுவனத்தின் அமிகா 2000, அமிகா 500 பிளஸ் கம்ப்யூட்டர்களிலும் இதே கதைதான்.

வயதானால் அதன் சீல் விட்டுப்போய் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியும். பலரும் ‘ஆசிட்’ என்பார்கள். உண்மையில் இது காரம். செப்புத் தடங்கள் வழியே ஊர்ந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். மெஷினை ஆஃப் செய்து வைத்தாலும் இது நிற்காது.

என்ன செய்யலாம்?

* பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டை மட்டும் திறங்கள். பவர் சப்ளை பெட்டி, மானிட்டர் பக்கம் போகாதீர்கள்.
* கசிவு தெரிந்தால் ஆன் செய்யவே வேண்டாம். தெரியாவிட்டால், ஒருமுறை ஆன் செய்து செட்டப் திரையில் உள்ள ஹார்ட் டிஸ்க் விவரங்களை போட்டோ எடுத்துவையுங்கள். பேட்டரி போனால் அவையும் போய்விடும்.
* கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு பேட்டரியை அகற்றுங்கள். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் சர்வீஸ் கடையில் கொடுங்கள்.
* கசிந்த இடத்தை வினிகர் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரால் கழுவி, கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தடவி நன்றாகக் காயவிடுங்கள்.
* பழைய மேக்கின்டோஷ்கள் பலவற்றில் இருப்பது லித்தியம் பேட்டரி. அதற்கு வினிகர் வைத்தியம் பொருந்தாது.
* அதே இடத்தில் காயின் பேட்டரியை நேரடியாக வைக்காதீர்கள். நிக்கல் காட்மியத்தை சார்ஜ் செய்யும் சர்க்யூட் அதையும் சார்ஜ் செய்யப் பார்க்கும், அது ஆபத்து.
* காட்மியம் நச்சு. கழற்றியதைக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

‘ஒரிஜினலா இருக்கட்டுமே’

பழைய பொருள் சேகரிப்பவர்கள் சிலர் இப்படிச் சொல்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. பேட்டரி இல்லாவிட்டால் மெஷின் நேரத்தை மறக்கும், செட்டிங்ஸை மறுபடி டைப் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் போர்டு அரித்துப்போனால், அதே போர்டு இன்று கடையில் கிடைக்காது. நீங்கள் முதன்முதலில் கேம் ஆடிய மெஷினைவிட அந்த நீல உருளையா பெரிது?

வரும் ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். கையோடு ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருக்கட்டும்.