பெரியவர் யார்? வாக்குரியோர் யார்?

நிக்காஹ் விருந்தொன்றில் ஒரே சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்திருந்தனர். நெய்ச்சோறு தீர்வதற்குள் பேச்சு கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போய்விட்டது. அந்நாட்டு அதிபர்களுள் தலைசிறந்தவர் யார் என்பதே வழக்கு. வாஷிங்டன் என்றார் ஒருவர். லிங்கன் என்றார் மற்றவர். ரூஸ்வெல்ட் என்றார் மூன்றாமவர். நான்காமவர் பட்டம் பெற்றவர். “அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் விவரமறிந்த மக்கள். எழுத்தறியாதவன் கையிலெல்லாம் வாக்குச் சீட்டைக் கொடுத்தால் அத்தகைய தலைவர்கள் எப்படி வருவார்கள்?” என்று அவர் தீர்ப்புக் கூற, மற்ற மூவரும் தலையசைத்தனர். அருகிலிருந்த நாம் அசைக்கவில்லை. மணவீட்டில் வாதம் வேண்டாமென்று அன்று வாய்மூடியிருந்தோம். இன்று பேனாவைத் திறக்கிறோம்.

ஒரு சஹனில் கை வைப்பவனிடம் எவரும் படிப்புச் சான்று கேட்பதில்லை. பசித்தவன் என்பதே அங்குத் தகுதி. ஆனால் நாட்டின் சஹனில் மட்டும் கற்றவன் கைதான் முதலில் விழவேண்டுமாம்! இந்த வாதத்திற்கு அமெரிக்காவைச் சாட்சிக்கு அழைத்தாரே நண்பர், அங்குதான் அவர் தவறிவிட்டார். அமெரிக்காவின் வரலாற்றைப் போல் இந்த வாதத்தை முறியடிக்கும் சாட்சி வேறெதுவும் இல்லை.

முதலில் ‘பெரியவர்’ பட்டியலைப் பார்ப்போம். 1948-ஆம் ஆண்டு ஆர்தர் ஷ்லெசிங்கர் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் 55 அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, அதிபர்களைத் தரம் பிரித்து ‘லைஃப்’ இதழில் வெளியிட்டார். லிங்கன், வாஷிங்டன், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வில்சன், ஜெஃபர்சன், ஜாக்சன் ஆகிய அறுவரும் ‘மகத்தானவர்’ என்னும் முதல் வரிசையில் அமர்ந்தனர். கடை வரிசையில், ‘தோல்வியுற்றோர்’ என்ற பெயருடன் இருவர் நின்றனர். அவர்களுள் ஒருவர் யுலிசிஸ் கிராண்ட்.

மகத்தானவர்களை மாற்றுக் குறைக்க நாம் வரவில்லை. ஆனால் உரைகல்லில் உரைத்துத்தானே பொன்னை வாங்கவேண்டும்? ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தவர். 1830-இல் செவ்விந்தியரை அவர்தம் மண்ணிலிருந்து அகற்றும் சட்டத்தில் ஒப்பமிட்டவர் ஜாக்சன். 1913-இல் ஆட்சிக்கு வந்த வில்சனின் நிர்வாகம் அரசு அலுவலகங்களிலேயே நிறப்பிரிவினையைப் புகுத்தியது. 1942-இல் ரூஸ்வெல்ட் இட்ட ஆணையால், ஜப்பானிய வழிவந்தோர் ஏறத்தாழ 1,20,000 பேர் முள்வேலி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களே.

கிராண்ட் செய்த குற்றந்தான் என்ன? அவர் ஆட்சியில் ஊழல் மலிந்திருந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் நிறத்தின் பெயரால் எவருக்கும் வாக்குரிமையை மறுக்கலாகாது என்னும் 15-ஆம் திருத்தம் 1870-இல் அவர் ஆட்சியில்தான் அரசியல் சட்டத்தில் ஏறியது. கறுப்பரை வாக்களிக்க விடாது கொன்றும் கொளுத்தியும் வந்த கு க்ளக்ஸ் கிளான் கூட்டத்தை ஒடுக்கப் படையனுப்பியவர் அவர். அந்த ஆட்சியை அரை நூற்றாண்டுக் காலம் வரலாற்றாசிரியர் பலர் ‘அலங்கோலம்’ என்றே எழுதினர். கறுப்பன் வாக்களித்ததுதான் அவர்கள் கண்ட அலங்கோலம்! காலம் மாறிற்று. ஸீ-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்றறிஞர்களைக் கொண்டு தயாரித்த பட்டியலில் 2000-இல் 33-ஆம் இடத்திலிருந்த கிராண்ட், 2021-இல் 20-ஆம் இடத்திற்கு ஏறினார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கல்லறையிலிருந்து எழுந்துவந்து புதிதாக எதுவும் செய்துவிடவில்லை. அளக்கப்பட்டவர் மாறவில்லை, அளந்தவர்களே மாறினர்.

ஆகவே, பெரியவர் யார் என்ற கேள்விக்குரிய விடை, வாக்குரியோர் யார் என்ற கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கிறது. எவரை மனிதராக எண்ணுகிறோமோ, அவருக்கு நன்மை செய்தவரே நமக்குப் பெரியவராகத் தோன்றுவார்.

இனி நண்பரின் ‘விவரமறிந்த மக்கள்’ யாரென்று காண்போம். வாஷிங்டன் முதல் அதிபராகத் தேர்வு பெற்ற 1789-இல், பல மாநிலங்களில் நிலமோ சொத்தோ உடைய வெள்ளை ஆடவர்க்கே வாக்கு. அடிமைக்கு வாக்கில்லை, ஆனால் மக்களவை இடங்களைப் பங்கிடுகையில் அவன் ஐந்தில் மூன்று பங்கு மனிதனாக எண்ணப்பட்டான். அவனைக் கணக்கில் காட்டி அவன் எசமானர்கள் கூடுதல் இடங்களைப் பெற்றனர். நியூஜெர்சியில் சொத்துடைய பெண்கள் சிலர் வாக்களித்து வந்தனர். 1807-இல் அவ்வுரிமையும் பறிக்கப்பட்டது. பெரும்பாலும் வெள்ளை ஆடவரே வாக்களித்த 1856-இல் வென்றவர் புக்கானன். நாடு பிளவுபடுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்த அவரை அறிஞர் பட்டியல்கள் இன்றளவும் அடித்தட்டில்தான் வைக்கின்றன. சிலருக்கு மட்டும் வாக்கு என்பது சிறந்தவரைத் தரும் உறுதிச்சீட்டு அன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

படிப்பே தகுதி என்போர்க்கு உமர் இப்னு ஸயீதை நினைவூட்டுவோம். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா டோரோவில் பிறந்து, பல்லாண்டுகள் மார்க்கக் கல்வி கற்ற அப்பெரியவர், 1807-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக இறக்கப்பட்டார். 1831-இல் தம் வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். அந்நூலை, ஆட்சி எனப் பொருள்படும் ‘அல் முல்க்’ அத்தியாயத்தைக் கொண்டே தொடங்கினார். ஆட்சி எவனுக்குரியது என்பதைத் தம் எசமானருக்கு அவர் இவ்வாறு உணர்த்தினார் போலும்! அவரைவிடக் கற்றவர் அவ்வூரில் எத்தனை பேர் இருந்திருப்பர்? எனினும் அடிமையாகவே வாழ்ந்து அடிமையாகவே மறைந்தார். கல்வி அவருக்கு வாக்கைத் தரவில்லை. தருவதற்கு எவரும் எண்ணவுமில்லை.

ஏனெனில், படிப்பு என்பது ஒருபோதும் உண்மையான அளவுகோலாக இருந்ததில்லை; அது கதவுக்குப் போட்ட பூட்டு மட்டுமே. 1890-இல் மிஸ்ஸிஸிப்பி மாநிலம் புதிய அரசியல் சட்டம் இயற்றியது. வாக்காளர் தலைவரி கட்டவேண்டும். சட்டத்தின் ஒரு பிரிவைப் படிக்கவேண்டும், அல்லது படிக்கக் கேட்டு விளக்கவேண்டும். விளக்கம் சரியா தவறா எனத் தீர்ப்பவர் வெள்ளை அதிகாரி. எழுத்தறியா வெள்ளையர் உள்ளே வந்தனர். கற்ற கறுப்பர் வெளியே நின்றனர். லூசியானா 1898-இல் இன்னுமொரு படி மேலே சென்று, 1867 தொடக்கத்திற்கு முன் தந்தையோ பாட்டனோ வாக்காளராக இருந்தால் பேரனுக்குச் சோதனை இல்லை என்றது. அடிமையின் பேரன் பாட்டனுக்கு எங்கே போவான்? விளைவைக் கேளுங்கள்: 1896-இல் அங்குப் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர் 1,30,000-க்கு மேல், 1904-இல் 1,342 பேர்! எட்டே ஆண்டுகளில் இத்தனை பேரும் எழுத்தை மறந்துவிட்டனரா?

லிங்கனைப் பெரியவர் என்று எல்லாரும் சொல்கின்றனர். நாமும் சொல்கிறோம், ஆனால் நாம் கூறும் காரணம் வேறு. 1865 ஏப்ரல் 11 அன்று வெள்ளை மாளிகையின் சாளரத்தருகே நின்று அவர் தம் இறுதிப் பேருரையை நிகழ்த்தினார். கறுப்பருள் அறிவிற் சிறந்தோர்க்கும் படைவீரர்க்குமாவது வாக்கு வழங்கலாம் என்பது தம் விருப்பமென அவ்வுரையில் வெளிப்படையாகக் கூறினார். கூட்டத்தில் நின்று கேட்டவர்களுள் ஜான் வில்க்ஸ் பூத்தும் ஒருவன். மூன்றாம் நாள் இரவு அவன் துப்பாக்கி வெடித்தது. வாக்குரிமைக்காகச் சொன்ன ஒரு சொல்லுக்கு ஓர் அதிபர் தந்த விலை அது.

அந்த லிங்கனும் ‘அறிவிற் சிறந்தோர்’ என்னும் வேலியைத் தாண்டவில்லை என்பதையும் மறைக்கமாட்டோம். அவ்வேலியை அதே ஆண்டிலேயே தகர்த்தவர், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து அறிஞரான பிரடரிக் டக்ளஸ். குற்றம் செய்தால் தூக்கிலிடும் அளவுக்கு ஒருவன் அறிவுள்ளவனெனச் சட்டம் கருதுமாயின், வாக்களிக்கவும் அவன் அறிவுள்ளவனே என்பது அவர் வாதத்தின் சாரம். வரி வாங்கும்போதும், போருக்கு அனுப்பும்போதும் எவரும் எழுத்துச் சோதனை வைப்பதில்லையே! நூற்றாண்டு கடந்தும் இதற்கு மறுமொழி கூறியவரை நாம் காணோம்.

உரிமையை எந்த அதிபரும் தாமாக வாரி வழங்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. வில்சனின் மாளிகை வாயிலில் 1917 முதல் பெண்கள் பதாகை ஏந்தி நின்று, சிறைப்பட்டு, உண்ணாநோன்பிருந்த பின்னரே அவர் 1918-இல் அவர்களுக்காகப் பேசினார். 1920-இல் டென்னசி மாநில அவையில் 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன், தாயின் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தம் நிலையை மாற்றி வாக்களித்ததால் பெண்ணுரிமைத் திருத்தம் நிறைவேறியது. 1965 மார்ச் 7 அன்று செல்மா நகரப் பாலத்தில் ஊர்வலத்தினரின் மண்டைகள் உடைந்த பின்னரே, லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றத்தின் முன் நின்றார். ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டத்தில் ஒப்பமிட்டார். மிஸ்ஸிஸிப்பியில் நூற்றுக்கு 7 பேர்கூடப் பதிவு பெறாதிருந்த கறுப்பர், 1967-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 60 ஆயினர். அதே ஜான்சன் வியட்நாமில் பெருக்கிய குருதியை நாம் மறக்கவில்லை. ஆயினும் அந்த ஒப்பத்தின் எடையைத் தராசிலிருந்து எடுக்கவும் மாட்டோம்.

வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் முதுகெலும்பான ஒரு பிரிவைச் செல்லாதென்றது. புவெர்ட்டோ ரிக்கோ தீவினர் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். போருக்குப் போகலாம், அதிபர் தேர்தலில் தீவிலிருந்து வாக்களிக்கலாகாது. புளோரிடா மக்கள் 2018-இல் தண்டனை முடித்தோர் பெரும்பாலோர்க்கு வாக்கை மீட்டளித்தனர். மறு ஆண்டே, அபராதமும் கட்டணமும் செலுத்தினால்தான் வாக்கு என்று சட்டமன்றம் விதித்தது. பழைய தலைவரி புதுச்சட்டை அணிந்து வந்திருக்கிறது என்றே கொள்கிறோம்.

வாக்கு என்பது அறிஞனுக்கு அளிக்கும் பொன்னாடை அன்று. எளியவன் கையிலுள்ள கேடயம். கேடயம் வலியவனைவிட மெலியவனுக்கே மிகுதியாக வேண்டும். அறியாமை தவறான தலைவரைத் தேர்ந்தெடுக்கக்கூடும். தன்னலமும் அதையே செய்யும். முன்னதற்கு மருந்து பள்ளிக்கூடம். வாக்கைப் பறிப்பது மருந்தாகாது.

நண்பருக்கு இறுதியாக ஒன்று கூறுவோம். ஓதத் தெரிந்து, அரபுத்தமிழில் கடிதம் எழுதத் தெரிந்தும், அரசாங்க ஏட்டில் கைநாட்டு வைத்த பாட்டிமார் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். 1951-52 தேர்தலில் இந்நாடு அவர்களிடம் எழுத்தைக் கேட்கவில்லை. சின்னத்தைக் காட்டி வாக்கைக் கேட்டது. அந்தக் கைநாட்டையா அவமதிப்பது? அடுத்த தேர்தலன்று நம் வீட்டுப் பெண்களிடம் எச்சின்னத்தில் குத்தவேண்டுமென்று ஆணையிடும் ஆடவர், லூசியானாவின் அதிகாரியைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும். எவர் பெரிய அதிபர் என்று நாற்பது ஆண்டுகள் வாதாடுவதைவிட, அன்றொரு நாள் வாய்மூடி நிற்பது பெரிய செயலாகும்.