கடிகாரத்தில் இல்லாத கீறல்



முதன்முதலாக ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதைப் படம் எடுப்பீர்கள்? மயில், மலை, மாலைச் சூரியன் என்று பட்டியல் நீளும். வீட்டிலுள்ள ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துப் பாருங்கள் என்பேன் நான். ஒளியைப் பற்றி வகுப்பில் நீங்கள் படித்தவற்றில் பெரும்பகுதி அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. அதைவிட முக்கியமான பாடம் ஒன்றும் அதில் உண்டு.

அதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். கணியம்பாடியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அப்பாவின் பழைய எச்.எம்.டி. கடிகாரத்தைப் படம் எடுத்தேன். கேமரா பிறரிடமிருந்து கைமாறி வந்தது. ஆனாலும் எனக்கு அதுதான் முதல் கேமரா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் திடுக்கிட்டேன். கறுப்பு முகப்பின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு! கண்ணாடி கீறிவிட்டது என்று பதறி, மறுநாள் வேலூருக்குப் பஸ் ஏறினேன். கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி நல்லாத்தான் இருக்குது தம்பி. கீறல் எங்கே?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அதே இடத்தில் மறுபடியும் எடுத்தேன். கோடு வந்தது. ஜன்னல் கதவை இறுகச் சாத்திவிட்டு எடுத்தேன். கோடு மறைந்தது! கதவின் இடுக்கு வழியே தெரிந்த வானம்தான் கண்ணாடியில் கீறலாகத் தோன்றியிருக்கிறது.

இது எப்படி நேர்ந்தது? நேராக வந்து விழும் ஒளியில் ஏறத்தாழ 100-க்கு 4 பங்கைக் கண்ணாடியின் ஒரு பரப்பு திருப்பி அனுப்பிவிடுகிறது. மேற்பரப்பு, அடிப்பரப்பு இரண்டும் சேர்ந்தால் 8 பங்கு. "வெறும் 8 பங்கு என்ன செய்துவிடும்?" என்று கேட்கலாம். வெளியே உள்ள வானம் அறையைவிடப் பல மடங்கு பிரகாசமானது. கறுப்பு முகப்போ தன்மேல் விழும் மங்கிய ஒளியிலும் சிறு பங்கையே திருப்பி அனுப்புகிறது. ஆகவே வானத்தின் 8 பங்கு, முகப்பை எளிதில் வென்றுவிடுகிறது. மேலும், பழைய கடிகாரங்கள் பலவற்றில் கண்ணாடி சற்றுப் புடைத்திருக்கும். அது பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைப் போல ஒரு குவியாடி. அறை முழுவதையும் சுருக்கித் தனக்குள் காட்டும்.

பரிகாரமும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது: படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். கேமரா இருக்கும் திசையிலிருந்து கண்ணாடி எதைப் பார்க்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் கறுப்பு அட்டை ஒன்றை வையுங்கள். அட்டையில் ஒரு துளை வெட்டி, லென்ஸை அதன் வழியே நீட்டுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, அதற்கு முன்னால் பட்டர் பேப்பரைத் தொங்கவிடுங்கள். கண்ணாடியே இல்லாததுபோல் முகப்பு தெளியும். முனைவாக்கும் ஃபில்டரை வாங்க ஓட வேண்டாம். பளபளக்கும் எஃகின் மினுக்கத்தை அது போக்காது. நேர் எதிரே பார்க்கும்போது கண்ணாடியின் மினுக்கத்தையும் போக்காது. ஒரு கறுப்பு அட்டை செய்யும் வேலையை விலை உயர்ந்த பொருள் செய்யாத இடங்கள் உண்டு!

அடுத்த தொல்லை, தெளிவு. 35 மி.மீ. அகலமுள்ள கடிகாரத்தைக் கேமராவுக்குள் உள்ள சில்லின் மேல் 10 மி.மீ. பிம்பமாக விழச் செய்கிறீர்கள் என்று கொள்வோம். எஃப் 5.6 துவாரத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. ஆழம்தான் தெளிவாக இருக்கும். முள் தெளிந்தால் சாவிக்குமிழ் மங்கும். எஃப் 11 வைத்தால் அந்த ஆழம் இரு மடங்காகும். அப்படியானால் எஃப் 22 இன்னும் நல்லதா? இல்லை. துவாரம் மிகச் சிறிதானால் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதையும் சற்று மழுங்கடிக்கும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

இவை நுட்பங்கள். இனி நான் சொல்லப்போவதுதான் என் வாதம்.

கீறல் உண்மையாகவே உள்ள ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பட்டர் பேப்பர் வழியே மென்மையான ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுங்கள். கீறல்கள் பெரும்பாலும் காணாமற் போகும். பிறகு அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சைக் கண்ணாடியின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கத்திலிருந்து அடியுங்கள். வழவழப்பான இடத்தில் பட்ட ஒளி மறுபக்கம் போய்விடும்; கீறலில் பட்ட ஒளி மட்டும் சிதறிக் கேமராவுக்கு வரும். ஒவ்வொரு கீறலும் வெள்ளிக் கம்பிபோல் மின்னும். இரண்டு படங்களிலும் நீங்கள் எதையும் திருத்தவில்லை. ஆனால் இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை!

"படம் என்றால் அழகாக இருக்க வேண்டியதுதானே?" என்பார்கள் சிலர். விளம்பரக் கடிகாரங்களில் பெரும்பாலும் மணி 10 அடித்து 10 நிமிடம் ஆகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக; யாரும் ஏமாறுவதில்லை. ஆனால் எல்லாப் படமும் விளம்பரம் அன்று. எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1984-இல் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் செய்த குவார்ட்ஸ் கடிகாரங்கள் சந்தையைப் பிடித்தன. 2016-இல் எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இன்று அந்தப் பழைய கடிகாரங்கள் படத்தை மட்டும் பார்த்து விலைபேசப்படுகின்றன. வாங்குபவர் ஒரு மாத உழைப்பின் பணத்தைக்கூட உங்கள் படத்தை நம்பித் தரலாம். அவருக்கு அழகான படத்தோடு டார்ச் படத்தையும் காட்டுவதே நேர்மை என்பது என் கருத்து.

கணியம்பாடிக்குத் தெற்கே தெரியும் ஜவ்வாது மலையின் இன்னொரு பகுதியில்தான் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க வந்தபோது, அதற்குச் சற்று முன்பே விண்மீனின் ஒளி குறைந்தது அங்கும் பதிவாயிற்று. அதற்குக் காரணம் யுரேனஸின் வளையங்கள் என்று பின்னர் தெளிவாயிற்று. அத்தகைய சிறு மாற்றத்தைக் கண்டதும், "இது வானத்தில் உள்ளதா, மேகமா, என் கருவியின் குறையா?" என்றுதான் வானியலாளர் முதலில் கேட்பார். டிஜிட்டல் கருவிகள் வந்தபின், சீரான ஒளியுள்ள வெற்றுத் திரையையும் படம் எடுத்து, கருவியின் தூசிக்கும் குறைக்கும் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

நீங்களும் இதைச் செய்யலாம். துவாரத்தை எஃப் 22-க்குச் சுருக்கி, ஒரு வெள்ளைத் தாளைத் தெளிவில்லாமல் படம் எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை தாளில் இல்லை; உங்கள் கேமராவுக்குள் இருக்கும் தூசி. அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு கடிகாரப் படத்தையும் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் கடிகாரத்தில் உள்ளது எது? அறையிலிருந்து வந்தது எது? கேமராவிலிருந்து வந்தது எது? இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லப் பழகியவருக்கு வேலூருக்கு வீண் பஸ் செலவு இராது.