ஒரு மில்லிமீட்டர் சங்கதி

புனேவுக்கு ஆணி புடுங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு. 1869-ல் ஆரம்பித்த கட்கி தோட்டா ஃபாக்டரி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதனாலோ என்னவோ, தயிர்சாத ஆசாமியான எனக்கும் இந்தத் துப்பாக்கிப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. சுடுவதில் அல்ல, படிப்பதில் மட்டும். தங்கமணி தைரியமாக இருக்கலாம் :-)

அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே தயாரிப்பது ஒரு பொழுதுபோக்கு. சுட்ட பித்தளைக் கூட்டில் புது கேப், அளந்த மருந்து, மேலே குண்டு. நம்ம ஊரில் லைசென்ஸ் இல்லாமல் செய்தால் 1959 ஆயுதச் சட்டப்படி கம்பி எண்ணலாம். அந்த ஆட்கள் ஓயாமல் சண்டை போடும் விஷயம், குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறக்குவது என்பது. "ஆழம் கூடினால் இடம் குறையும், இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும்" என்று ஒரு கோஷ்டி ஒற்றை வரியில் முடித்துவிடும். அரை உண்மை என்பது என் கட்சி.

ரைஃபிளில் பல நேரம் நேர்மாறாக நடக்கும். குண்டை வெளியே நீட்டி வைத்து, அதன் தோள் குழலின் வரிப்பள்ளங்களைத் தொட்டுக்கொண்டு நின்றால், மருந்து பற்றும்போது அது நின்ற இடத்திலிருந்தே பள்ளத்துக்குள் பிதுங்கி நுழைய வேண்டும். ஓடி வந்து மோதும் வேகம் கிடையாது. வாயு தேங்கி, அழுத்தம் சீக்கிரமே உச்சிக்குப் போய்விடும். கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் குண்டு ஒரு எட்டு ஓடிவந்து நுழைகிறது, பின்னால் இடம் விரிகிறது, உச்ச அழுத்தம் இறங்குகிறது, வேகமும் சற்றுக் குறைகிறது. வெதர்பி ரைஃபிள்களில் வரிப்பள்ளம் தொடங்கும் முன் நீளமாக வழுக்குப்பாதை விட்டிருப்பது இதற்குத்தான். இறங்கிய அழுத்தத்தை ஈடுகட்ட மருந்தைக் கூட்டி வேகத்தை மீட்டுக்கொள்வார்கள். குண்டை இன்னும் இன்னும் ஆழமாக இறக்கினால் மட்டும், ஒரு கட்டத்துக்கு மேல் இடக்குறைவு கை ஓங்கி அழுத்தம் திரும்ப ஏறும்.

சரி, இது நமக்கெதற்கு? எங்கள் குடியிருப்பு செக்யூரிட்டி பொறுப்பாளர் ஒரு ரிட்டயர்டு சுபேதார். நான் "சுபேதார் சாப்" என்பேன், அவர் என்னை "அண்ணா" என்பார், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரிடம் லைசென்ஸ் உள்ள .32 பிஸ்டல். தினமும் சாயங்காலம் ஒரு தோட்டாவைச் சேம்பரில் ஏற்றுவார், காலையில் வெளியே எடுத்து மேகஸினில் மேலேயே செருகுவார். மறுநாளும் அதே தோட்டா. ஒவ்வொரு தடவையும் அதன் மூக்கு சரிவில் முட்டும், குண்டு துளித்துளியாய் உள்ளே போகும். ஒருநாள் அவரைச் சம்மதிக்க வைத்து, புதுத் தோட்டாவையும் இதையும் வெர்னியரில் வைத்துப் பார்த்தோம். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே குட்டை!

கணக்குப் போடலாம். .32 பிஸ்டல் குண்டும் .308 ரைஃபிள் குண்டும் ஏறக்குறைய ஒரே பருமன், 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் இரண்டிலும் சுமார் 0.05 கன சென்டிமீட்டர் இடம் போகும். ரைஃபிள் கூட்டில் குண்டுக்குக் கீழே மூன்று கன சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது, ஒன்றரை சதவீத நஷ்டம், தூசு. குட்டிப் பிஸ்டல் கூட்டில் அரை கன சென்டிமீட்டர்கூடத் தேறாது. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காலி! பிஸ்டல் மருந்து சட்டென்று எரிகிற ஜாதி வேறு. இடம் குறையக் குறைய இன்னும் வேகமாக எரியும், அழுத்தம் இடக்குறைவின் விகிதத்தைத் தாண்டி எகிறும். அமெரிக்கத் தர அளவுப்படி .308-க்கு உச்ச வரம்பு 62,000 பிஎஸ்ஐ, .32-க்கு 20,500 மட்டுமே. பிஸ்டலும் அந்தச் சின்ன வரம்புக்கு ஏற்றபடி செய்ததுதான்.

ஆக, ரைஃபிள்காரர் வேகத்துக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஆழக் கணக்கு, எதையும் தயாரிக்காத நம் ஆட்களின் இடுப்பில்தான் ஆபத்தாக உட்கார்ந்திருக்கிறது. லைசென்ஸ் கொடுக்கும்போது எத்தனையோ பேப்பர் கேட்கிறார்கள். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றாதே, புதியதோடு அருகில் நிறுத்தி உயரம் பார் என்று ஒருவர் சொன்னால் என்ன? சுபேதாருக்கு இத்தனை வருஷ சர்வீஸில் யாரும் சொன்னதில்லையாம். ரிவால்வரில் இந்தச் சரிவு முட்டல் கிடையாது, வைத்திருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

சுபேதார் அந்தத் தோட்டாவைத் தனியே ஒரு டப்பியில் போட்டு, மூடி மேல் பேனாவால் பெருக்கல் குறி போட்டார். தோட்டா வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு, "இதோட விலை தெரியுமா அண்ணா?" என்று ரொம்ப நேரம் டப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.