குடுத்து வைச்ச நாய்

ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை எங்கட வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வீடியோ வந்தது. எங்களில் ஒருத்தியின் மச்சாள் சுவிஸில், பேர்ண் நகரத்தில் இருக்கிறா. அவவும் சிநேகிதிகளும் இரண்டு நாய்களோடு ஓஷினன் ஏரிக்குப் போயிருக்கினம். கண்டர்ஸ்டெக் என்ற கிராமத்துக்கு மேலே, 1,578 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஏரி. சுற்றிவரச் செங்குத்துப் பாறை. பனிமலையில் உருகுகிற தண்ணி ஓடைகளாக இறங்கி அதற்குள் சேருது. கறுப்பு நாய் தண்ணிக்குள்ள பாய்ந்து, தடி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து, எல்லார் மேலயும் உதறுது. இருபது செக்கன்தான்.

"குடுத்து வைச்ச நாய்" எண்டு ஒருத்தன் போட்டான். "அடுத்த பிறப்பில சுவிஸில நாயாப் பிறக்க வேணும்" எண்டு இன்னொருத்தி. நாங்கள் எல்லாரும் சிரிப்பு முகம் போட்டோம். அந்தப் பகிடி எங்களுக்கு இப்ப சரியாகப் படேல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மச்சாள் பகிடியைப் பார்த்திட்டு நீளமான ஒரு குரல் பதிவு அனுப்பினா. அந்த இருபது செக்கனுக்குப் பின்னால் இருக்கிற கணக்கு அதில் இருந்தது. அங்கே நாய் பிறந்து 3 மாதத்துக்குள் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைத்து, சொந்தக்காரரின் பெயரோடு பதிய வேணும். நாய்க்கு வரி இருக்கு, எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். ரெயினில் கூடைக்குள் அடங்குகிற குட்டி நாய்க்குக் காசில்லை, பெரிய நாய்க்கு அரை ரிக்கற். நாய் வளர்க்கிறவர் வகுப்புக்குப் போகவேணும் என்றுகூட 2008இல் சட்டம் போட்டு, 2016 முடிவோடு அதை எடுத்துவிட்டார்கள். பீயை அள்ளப் பையும், போடப் பச்சைப் பெட்டியும் வழிநெடுக இருக்காம். பையோடு குனிகிற வேலை மட்டும் ஆளுடையது.

மலையில் இதைவிடப் பெரிய விசயம் மாடு. கோடையில் மாடுகள் மேலே புல்வெளிகளில்தான் நிற்கும். கன்றோடு நிற்கிற பசுவுக்கு நாயும் ஓநாயும் ஒன்றுதான். அதனால் மாட்டைக் கண்டால் சுற்றிப் போகவேணும், நாய் வாரில் இருக்கவேணும், பசு பாய்ந்தால் மட்டும் வாரை விட்டுவிடவேணும். நாய் ஓடித் தப்பும், பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள்தான் மிதிபடும். 1995க்குப் பிறகு ஓநாய்கள் திரும்பி வந்ததால் சில இடங்களில் ஆட்டு மந்தைக்குக் காவல் நாய்களும் நிற்குது. அதுகளுக்கு எங்கட செல்ல நாயைத் தெரியாது. இரண்டு நாளில் கறுப்பன் வாரில்லாமல் நின்றது அந்த இருபது செக்கன்தான். அதற்கும் ஒரு வயதான அம்மா முறைச்சவவாம்.

அந்த அம்மாவின் பக்கம் எங்களில் இரண்டு பேர். மலை ஏரிக்கு நாயே வேண்டாம் என்பது அவர்களின் கட்சி. 1914இல் தொடங்கிய சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள் வாரில் பிடித்தும் நாய் கொண்டுபோக ஏலாது. மலைச்சரிவில் வளை தோண்டி வாழுகிற மர்மொட் என்ற பெரிய அணில் இனம், கோடை முடியிற நேரத்தில்தான் குளிர்கால உறக்கத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும். நாயைக் கண்டால் விசிலடித்துவிட்டு மேய்ச்சலை விட்டு வளைக்குள் ஓடும். இப்படி நூறு நாய் போனால்? நாய் போகாத மலையும் கொஞ்சம் இருக்கத்தான் வேணும். ஆனால் ஏற்கெனவே மாடும் சனமும் நிறைந்த ஏரிக்கரையில் வாரோடு வாற நாயைத் தடுப்பது எங்களுக்கு அதிகமாகத் தெரியுது.

இடையில் ஒன்று. கறுப்பனுக்குக் கடவுச்சீட்டு இருக்கு. விசர்நாய் ஊசி போட்டதற்கான பதிவு அதில் இருந்தால் இத்தாலிக்குப் போய் வரலாம். மச்சாளின் அப்பா அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகப் பார்த்திருந்த வருசங்களில் எல்லையைத் தாண்ட விடேல்லை. "குடுத்து வைச்ச நாய்" எண்டு அவர் சொன்னால் நாங்கள் வாயைத் திறக்கமாட்டோம்.

நாங்கள் சொல்லுறதுதான் பொருந்தாது. எங்கட ஹொஸ்டல் வாசலில் ஜிம்மி இருக்கிறாள். சோறு வைப்போம், படம் எடுத்துப் போடுவோம். இந்த வருசம் ஐந்து குட்டி போட்டாள். இரண்டு கடுவனையும் ஆட்கள் கொண்டு போச்சினம். மிச்சம் மூன்று பெட்டைக்குட்டியும் ஒரு இரவு உரப்பைக்குள் போய், சந்தையடியில் இறங்கிச்சு. கொண்டுபோனது யார் என்று எங்களுக்குத் தெரியும். தடுக்கேல்லை. அண்டைக்குப் பின்னேரம் அதுகளுக்குப் பால் வைத்ததும் நாங்கள்தான்.

சுவிஸ் மாதிரி வரி கட்டுங்கோ எண்டு சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிற வீட்டைப் பார்த்துச் சொல்ல ஏலாது. ஆனால் நாயைப் பதியச் சொல்லுகிற கட்டளைச் சட்டம் எங்கட நாட்டிலும் 1901இலிருந்து இருக்கு. எங்களில் ஒருத்தரின் வீட்டிலும் பதிந்த நாய் இல்லை. 2006க்குப் பிறகு தெருநாயைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. நல்ல கொள்கைதான். கொல்லாமல் விட்டால் ஊசியும் கருத்தடையும் யாராவது செய்யவேணுமே. அந்த யாராவது நாங்கள் இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தோம்.

ஆளுக்கு 300 ரூபா சேர்த்திருக்கிறம். மிருக வைத்தியர் வாற சனிக்கிழமை ஜிம்மியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஓட்டோவும் பேசியாச்சு. அவளை எப்படி ஏத்துறது எண்டுதான் இன்னும் தெரியேல்லை. கழுத்தில கயிறு பட்டாலே கடிக்க வாறாள்.