‘ஷல்’ யாரைக் கட்டுப்படுத்துகிறது?

ஆங்கிலச் சட்டநடையில் ‘ஷல்’ கட்டாயத்தைக் குறிக்கும் என்றே நமக்குக் கற்பிக்கப்படுகிறது. இந்திய நீதிமன்றங்களின் வாசிப்பு அவ்வளவு எளிதன்று.

அரசு ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்னும் அரசமைப்பின் 320(3) ஆம் உறுப்பில் இருப்பது ‘ஷல்’தான். ஆயினும் 1957இல் மன்போதன் லால் ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாகக் கொள்ளவில்லை. கலந்தாலோசிக்கத் தவறினால் நடவடிக்கை செல்லாது என்று அரசமைப்பு எங்கும் கூறவில்லை என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. 1993இல் நீதிபதிகள் நியமன வழக்கிலோ ‘கன்சல்டேஷன்’ என்ற மென்சொல்லுக்கு ஏறத்தாழ இசைவின் வலிமையை அதே நீதிமன்றம் அளித்தது. அகராதியால் மட்டும் இதை விளக்கிவிட இயலாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிமுறைகளை இந்தக் கண்கொண்டு படியுங்கள். ஆய்வேடு அளித்த ஆறு மாதங்களுக்குள் மதிப்பீடும் வாய்மொழித் தேர்வு முடிவும் நிறைவுற வேண்டும். அங்கும் ‘ஷல்’, எழுவாய் கல்வி நிறுவனம். மீறினால் என்ன ஆகும் என்பது அவ்வாக்கியத்தில் இல்லை. ஆய்வாளர் காலக்கெடுவைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் திருத்தியெழுதியவர்கள் ‘ஷல்’லைக் கைவிட்டு, கட்டாயத்துக்கு ‘மஸ்ட்’டை அமர்த்தினர். வரவேற்கத்தக்கதே. ஆனால் நமக்குச் சொல்மாற்றம் போதாது. ஆறு மாதம் கடந்தால் தாமதத்தின் காரணத்தை யார், எத்தனை நாளுக்குள், ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இன்னொரு வாக்கியம் அங்கே சேர வேண்டும்.