இலவசம்தான், ஆனா உனக்கில்லை

சீனாவைப் பத்திப் பேச்சு வந்தா போதும், நம்ம மக்கள் ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுவாங்க. ஒரு கட்சிக்கு அங்க எல்லாமே டூப்ளிகேட். இன்னொரு கட்சிக்கு அங்க பாலாறும் தேனாறும் ஓடுது. இந்த ரெண்டாவது கட்சி மூச்சுக்கு மூச்சு எடுத்து விடுற டயலாக் ஒண்ணு இருக்கு: "அங்க 9 வருஷம் பள்ளிக்கூடம் இலவசம், கட்டாயம், சட்டமே இருக்கு, தெரியுமில்ல?"

தெரியும் சாமி. அந்த இலவசத்தைத்தான் இன்னைக்குக் கொஞ்சம் பிரிச்சு மேயலாம்னு உக்காந்திருக்கேன். ஆபீஸ்ல ஆணி கம்மி.

செஞ்சதைச் செஞ்சாங்கன்னு முதல்ல சொல்லிடறேன். 1986ல சட்டம் வந்துச்சு. கல்விக் கட்டணம் கிடையாதுன்னு எழுதிட்டு, 'இதரக் கட்டணம்'னு ஒரு சந்து விட்டு வச்சாங்க. அந்தச் சந்துக்குள்ள புகுந்து 20 வருஷம் விவசாயி மடியில கைவச்சாங்க. 2006ல சட்டத்தைத் திருத்தி அதையும் எடுத்தாங்க. அந்த வருஷம் மேற்கு மாகாணத்துக் கிராமங்கள், 2007ல எல்லாக் கிராமமும், 2008ல நகரங்கள். இது சின்ன வேலை இல்ல. எத்தனையோ கோடிப் பிள்ளைங்களுக்கு ஃபீஸ் இல்லாம போச்சு. அதே சமயம், நாட்டு உற்பத்தியில 4 சதவீதம் கல்விக்குச் செலவு பண்ணுவோம், 2000க்குள்ள எட்டுவோம்னு 1993ல சொன்ன அரசாங்கம் அதை எட்டினது 2012ல. நம்ம ப்ராஜக்ட் டெட்லைனே தேவலாம் :-)

சரி, ஃபீஸ் போச்சு. கதவு? அங்கதான் ஹூக்கோ வருது.

1958ல இருந்து அங்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பதிவேடு. அதுல இருக்குற ஊர்தான் உன் ஊர். நீ எங்க பொறந்தே, எங்க வேலை பாக்குறே, எத்தனை வருஷமா வாடகை கட்டுறேங்கறதெல்லாம் அப்புறம். அப்பா அம்மாவோட பதிவுதான் பிள்ளைக்கும். பள்ளிக்கூடத்துல உனக்குன்னு இருக்குற இடமும் அந்த ஊர்லதான். சொந்த ஊரை விட்டு வெளியில வேலை பாக்குறவங்க இன்னைக்கு அங்க சுமார் 30 கோடி பேர். பெய்ஜிங்குல கட்டடம் கட்டுற கொத்தனார், ஷாங்காய்ல பார்சல் கொண்டு போற பையன் எல்லாம் இந்தக் கணக்குலதான் வருவாங்க.

இவங்க பிள்ளைங்களையும் அரசுப் பள்ளியில சேக்கணும்னு 2001லயே மேலிடம் சொல்லிடுச்சு. பெய்ஜிங் என்ன பண்ணுச்சு? அஞ்சு சர்டிஃபிகேட் கேட்டுச்சு. தற்காலிகமா தங்க அனுமதி, வீட்டுக்கு ஆதாரம், வேலைக்கு ஆதாரம், குடும்பப் பதிவேடு. அஞ்சாவதுதான் உச்சம்: "ஊர்ல இந்தப் பிள்ளையைப் பாத்துக்க ஆள் இல்லை"ன்னு சொந்த ஊர்ல இருந்து ஒரு சான்றிதழ்! சித்தாள் வேலை செய்யறவனுக்கு எந்த மேஸ்திரிய்யா வேலை ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பான்? இவன் வீட்டு ஓனர் எந்த ஜென்மத்துல வாடகைப் பத்திரம் போட்டான்? சட்டப்படி ஃபீஸ் சைபர். பேப்பர்படி சீட்டும் சைபர்.

வேற வழியில்லாம இவங்களே தகரக் கொட்டகையில காசு கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடங்களை நடத்திக்கிட்டாங்க. 2011 கோடையில பெய்ஜிங் நகராட்சி அதுலயும் 24 பள்ளிக்கூடத்தை மூடிடுச்சு, சிலதை இடிச்சே போட்டுது. 14,000 பிள்ளைங்களுக்கு மேல நடுத்தெருவுல. காரணம், பாதுகாப்பு இல்லையாம். பாதுகாப்பான பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவுலயே இருந்துச்சு, ஆனா அங்க அப்ப அஞ்சு சர்டிஃபிகேட் வேணும்னாங்க.

நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களையும் இது விட்டு வைக்கல. எங்க டீமோட பெய்ஜிங் பக்கத்துல ஒரு டெஸ்டர் இருக்காரு, சொந்த ஊரு ஹெனான் மாகாணம். சம்பளத்துக்குக் குறைச்சல் இல்ல, பேப்பரும் இருந்துச்சு, பொண்ணு பெய்ஜிங்குலயே எட்டாவது வரை படிச்சா. அப்புறம் ஹெனானுக்கு அனுப்பிட்டாரு. ஏன்னா காவ்காவ்ங்கற காலேஜ் நுழைவுத் தேர்வை ஹூக்கோ இருக்குற மாகாணத்துலதான் எழுதணும். 2012ல மேலிடம் சொன்ன பிறகு பல மாகாணங்கள் நிபந்தனையோட வெளியூர்ப் பிள்ளைங்களை அனுமதிச்சாங்க. பெய்ஜிங் என்னமோ தொழிற்கல்லூரி வரைக்கும்தான் வழி விட்டுச்சு. ஹெனான்ல 2024ல மட்டும் அந்தத் தேர்வுக்கு 13.6 லட்சம் பேர். மனுஷன் ஸ்டேட்டஸ் கால் முடிஞ்சதும் பொண்ணுக்கு வீடியோ கால் போடுவாரு. பத்து நிமிஷம். அதுதான் அவர் கட்டுற ஸ்கூல் ஃபீஸ்.

இந்த ஃபீஸை மொத்தமா கூட்டிப் பாத்தா? 2013ல அனைத்துச் சீனப் பெண்கள் கூட்டமைப்பு கூட்டிச்சு: அப்பாவோ அம்மாவோ வேலைக்குப் போக, கிராமத்துல விட்டுட்டுப் போன பிள்ளைங்க 6.1 கோடி. 2016ல அரசாங்கம் கணக்கெடுத்துச்சு: 90.2 லட்சம். மூணே வருஷத்துல அஞ்சு கோடி அப்பா அம்மா ஊர் திரும்பிட்டாங்களான்னு ஆச்சரியப்படாதீங்க. இலக்கணத்தை மாத்திட்டாங்க, அவ்ளோதான். முன்ன ஒருத்தர் வெளியூர் போனாலே கணக்குல வரும், வயசு 18க்குள்ள. இப்ப ரெண்டு பேரும் போகணும், இல்லாட்டி வீட்டுல இருக்குறவர் பாத்துக்க முடியாதவரா இருக்கணும், வயசு 16க்குள்ள. பக் வரலைன்னு காட்ட டெஸ்ட் கேஸையே டெலிட் பண்ற வித்தை. நமக்குத் தெரியாததா!

ஊருக்கு அனுப்பின பிள்ளைக்காவது பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்கான்னா, 2001ல இருந்து 'இணைக்கிறோம்'னு சொல்லி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளை மூடிக்கிட்டே வந்தாங்க. 2000ல இருந்ததுல பாதிக்கு மேல 2010ல காணோம். 2012ல அவங்களே போதும்னு நிறுத்தினாங்க. அதுக்குள்ள ஆறேழு வயசுப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல துணி துவைக்கப் பழகிடுச்சு.

"எல்லாரையும் உள்ள விட்டா நகரம் தாங்குமா?"ன்னு உடனே கிளம்புவாங்க. 1994 வரிச் சீர்திருத்தத்துல வருமானத்தோட பெரும்பங்கை மத்திய அரசு எடுத்துக்கிச்சு, பள்ளிக்கூடச் செலவு உள்ளூர் தலையிலயே நின்னுச்சு. அதனால வெளியூர்ப் பிள்ளை ஒவ்வொண்ணும் நகராட்சிக்குச் செலவு, அதோட அப்பன் மட்டும் லாபம். ஹெனான் கிராமம் வளத்து ஆளாக்கின 18 வயசுக்காரனை பெய்ஜிங் சும்மா வாங்கிக்குது. பிள்ளையை மட்டும் ரிட்டர்ன் பண்ணுது. தாங்காது தாங்காதுன்னு சொல்றவங்க இந்தக் கணக்கை ஒரு தடவையாவது போட்டாங்களா?

ஹூக்கோ கையில இருக்குறவன் மட்டும் நிம்மதியா இருக்கானா? 2016ல பெய்ஜிங்குல ஒரு பேர் போன தொடக்கப் பள்ளிக்குப் பக்கத்துச் சந்துல 11.4 சதுர மீட்டர் ரூம், அதாவது 123 சதுர அடி, 53 லட்சம் யுவானுக்கு விலை போச்சுன்னு செய்தி. அன்னைய ரேட்டுல நம்ம காசு 5 கோடிக்கு மேல. அந்த ரூம்ல யாரும் குடியிருக்கப் போறதில்ல. அட்ரஸ் வேணும், அட்ரஸ் இருந்தா சீட்டு. பள்ளிக்கூடம் இலவசம்தானே, தாராளமா படிச்சுக்கோங்க!

இனிமே இடம் இல்லைங்கற சாக்கும் செல்லாது. 2016ல 1.786 கோடிக் குழந்தைங்க பொறந்த நாட்டுல 2024ல பொறந்தது 95.4 லட்சம். 2023ல மட்டும் 14,000க்கு மேல மழலையர் பள்ளிகள் குறைஞ்சு போச்சு. அடுத்து தொடக்கப் பள்ளி பெஞ்சும் காலியாகும். அப்பவும் கொத்தனார் மவன்கிட்ட சர்டிஃபிகேட் சர்டிஃபிகேட்டா கேப்பாங்களா, இல்ல சும்மா உள்ள வந்து உக்காருன்னு சொல்லுவாங்களா? பாலாறு தேனாறு கட்சிக்காரங்க யாராவது பதில் சொல்லுங்கப்பா.